ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகத் தடை எப்படி வேலை செய்கிறது?

2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப்புக்கு விலக்கு உண்டு. பொறுப்பு நிறுவனத்தின் மேல்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தடுக்க 'நியாயமான நடவடிக்கை' எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். இப்படிப் பொறுப்பை இடம் மாற்றியதுதான் சட்டத்தின் பெரிய பலம்.

வயதைச் சரிபார்ப்பதில்தான் சிக்கல். பிறந்த தேதியை யாரும் மாற்றிப் போடலாம். அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்பதையோ சட்டம் தடுக்கிறது. அதனால் செல்ஃபியை வைத்து வயதைக் கணிக்கும் மென்பொருள், கணக்கு எத்தனை ஆண்டு பழையது என்பது போன்ற தடயங்கள் எனப் பல அடுக்காகச் சோதிக்கிறார்கள். முகக் கணிப்பு 8 வயதையும் 25 வயதையும் எளிதில் பிரிக்கும். 15, 16 என்று வந்தால் தடுமாறும். ஆகவே தவறாக முடக்கப்பட்டவர் முறையிட எளிய வழி அவசியம். சோதனைக்கு வாங்கிய தகவலை, வேலை முடிந்ததும் அழித்தாக வேண்டும்.

இன்னொரு ஓட்டை உண்டு. தடை கணக்குக்குத்தான், பார்ப்பதற்கு அல்ல. லாகின் செய்யாமல் யூடியூப் பார்க்கலாம். அப்போது கணக்கோடு இணைந்த பெற்றோர் கட்டுப்பாடுகள் எதுவும் இயங்காது. பிள்ளை பயன்படுத்தும் ஒவ்வொரு பிரவுசரிலும் சிறுவருக்குப் பொருந்தாத வீடியோக்களை வடிகட்டும் யூடியூபின் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையை (Restricted Mode) தனித்தனியாக ஆன் செய்து வையுங்கள்.