பண்டிகை நாளில் வரும் பேய்: எழுதுபவர்கள் கேட்டவை

பெங்களூரில் அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் சிலர் சேர்ந்து இந்தத் தீபாவளிக்கு ஒரு கையெழுத்து மலர் கொண்டுவருகிறோம். பண்டிகை நாளில் வரும் பேய்தான் பொருள். பாதிப்பேர் இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறார்கள். வரும் கதை, கவிதைகளை முதலில் படிப்பவள் நான் என்பதால் கேள்விகளும் என்னிடம் வந்தன.

கம்மனஹள்ளியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, தீபாவளி இரவு, முழு நிலா, மொட்டை மாடியில் வெள்ளைச் சேலை. இப்படித் தொடங்கலாமா?

முதலில் நிலாவை எடுத்துவிடுங்கள். தீபாவளி தேய்பிறைச் சதுர்த்தசியிலும் அமாவாசையிலும் வருவது. நரக சதுர்த்தசி விடியற்காலையில் கிழக்கே நகக்கீறல் போல ஒரு பிறை எழும், அவ்வளவுதான். அந்த இருட்டு உங்கள் கதைக்கு எவ்வளவு பெரிய உதவி, பாருங்கள். மணி நாலரை. வீடெல்லாம் நல்லெண்ணெய் வாசம், அடுப்பில் வெந்நீர். பாட்டி ஒவ்வொருவர் தலையிலும் எண்ணெய் வைத்துக்கொண்டே வருகிறாள். வீட்டில் பிள்ளைகள் ஐந்து பேர். ஆறாவதாக ஒரு மணை போட்டிருக்கிறது, அதற்கும் குனிந்து எண்ணெய் வைக்கிறாள். இதற்குமேல் வெள்ளைச் சேலை எதற்கு? நிலா இருந்தே ஆகவேண்டும் என்றால் கதையைத் திருக்கார்த்திகைக்கு மாற்றிவிடுங்கள், அது பௌர்ணமியை ஒட்டி வரும்.

ஜெயநகரில் படிக்கும் ஒரு தம்பி: 'நாளே பா' கதையை எல்லாரும் எழுதிவிட்டார்களே, நானும் எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். தெரியாதவர்களுக்காக: 1990களில் பெங்களூரில் பரவிய கதை இது. ராத்திரியில் ஒரு பேய் வந்து, வீட்டாருக்கு வேண்டியவர்களின் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும், திறந்தவர் செத்துப்போவார் என்றார்கள். அதனால் கதவில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளைக்கு வா' என்று எழுதிவைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாளும் வந்து அதையே படிக்கும்.

நிறையப் பேர் வாசலில் நிற்கும் உருவத்தைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் குரல்தான் முக்கியமாகப் படுகிறது. தமிழ் வீட்டுக் கதவை அது எந்த மொழியில் தட்டும்? ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் ஒரு மகன் அறையிலேயே தங்கிவிட்ட தீபாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் போன வருஷம் இறந்த அம்மா வந்து, அவள் மட்டுமே கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லித் தட்டுகிறாள். கதவில் எழுதியிருப்பது கன்னடம். அம்மாவுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. அவளால் அதைப் படிக்க முடியாது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியும். பேய் அன்றைக்கு ஏன் வருகிறது என்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருந்தால், பயம் தானாக வந்து உட்காரும். அந்தக் காரணம் பெரும்பாலும் பாசமாகத்தான் இருக்கும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர்: எங்கள் அபார்ட்மெண்டில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கிறார்கள். அது தமிழ்க் கதை ஆகுமா?

ஆகும், உங்கள் கண்முன் நடப்பதுதானே. ஆனால் ஹாலோவீனை நம் தெருவோடு சேர்த்துவிடுங்கள். அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா போன பிறகு பூசணிக்கு மாறியது. நமக்கும் பூசணி உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஆயுத பூஜையில் குங்குமமும் காசும் போட்டுத் திருஷ்டி கழித்து நடுத்தெருவில் உடைப்போமே, அது. மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளில் ஒருத்தியின் கையில் அந்தக் குங்குமம் ஒட்டிய காசு இருந்தால்? எனக்கு இப்போதே அந்தக் கதையைப் படிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஃப்ரேசர் டவுனிலிருந்து ஓர் அம்மா: நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பற்றி ஒரு கவிதை எழுதினேன். பயம் வரவில்லை, அழுகைதான் வருகிறது.

அப்படியே கொடுங்கள். ஒரு வரியும் மாற்றாதீர்கள்.

சிவாஜிநகரிலிருந்து ஒரு வாசகர்: கவிதை என்று உட்கார்ந்தால் இருள், மௌனம், மரணம் தவிர வேறு சொல்லே வரவில்லை.

நம் பழைய கவிகளிடம் போங்கள். காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். ஆலங்காட்டுப் பெண்பேயைப் பாடும்போது வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல் என்று உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. அதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன! வீட்டு வேலையை அப்படியே பேய்க்குக் கொடுத்ததால்தான் அது இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. நீங்களும் 'மௌனம்' என்ற சொல்லை விட்டுவிட்டு, மிக்ஸி நின்றதும் சமையலறையில் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள்.

திகளர்பேட்டையிலிருந்து ஒருவர்: பெங்களூர்க் கரகத் திருவிழாவின் பௌர்ணமி இரவில் கரகம் சுமந்து வருபவரைப் பேய் பிடித்தவராக எழுதலாமா?

வேண்டாம். தர்மராயர் கோவிலிலிருந்து வருவது திகளர் சமூகத்தார் கும்பிடும் திரௌபதி அம்மன். விடிய விடியக் கூட்டத்தில் நிற்கும் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்று எழுதுங்கள், அதில் எவ்வளவோ இடம் இருக்கிறது.

பெயர் சொல்லாத ஒருவர்: கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கலாமா?

கூடாது. அவ்வளவு நேரம் உங்களை நம்பிப் பயந்தவரை அது ஏமாற்றுகிறது. ஆறாவது மணையில் எண்ணெய் ஈரம் இருக்கட்டும். காலையில் யாரோ அதைத் துடைக்கட்டும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் மகாளய அமாவாசைக்குள் கொடுத்துவிடுங்கள். கையால் பிரதி எடுக்க நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம்.