பக்கத்து வீட்டு உத்தரவு உங்களைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: மதுரை செல்லூரில் ஒரு மாடி வீட்டில் 15 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 7,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000. முதலில் 11 மாத அக்ரிமென்ட் போட்டதோடு சரி, அப்புறம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஓனரின் இன்னொரு வீட்டில் இருந்தவரைக் காலி செய்யச் சொல்லி வாடகைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டதாம். அதைக் காட்டி, "உங்களுக்கும் இதேதான், மாசக் கடைசியில் கிளம்புங்க" என்கிறார். மோட்டார் ரூமையும் பூட்டிவிட்டார்.

பதில்: அந்த உத்தரவு அந்த வழக்கில் இருந்த இரண்டு பேருக்குத்தான். எல்லோரையும் கட்டுப்படுத்துவது, சட்டத்துக்கு உயர் நீதிமன்றம் தரும் விளக்கம்.

ஆனாலும் அந்த ஆர்டர் காப்பியை வாங்கி, வாடகைச் சட்டத்தின் எந்தப் பிரிவில் போட்டார்கள் என்று பாருங்கள். வாடகை பாக்கிக்காக என்றால் விட்டுவிடலாம். பிரிவு 21(2)(அ) என்று இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்கும் பிரிவு அது. 22.02.2019 முதல் அமலில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம், அதற்கு முன்பே குடியிருந்தவர்களும் ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்பது சார்பதிவாளர் ஆபீஸ் கணக்கு. அது இங்கே செல்லாது. பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

எனவே இந்த வாரமே ஒப்பந்த வரைவு ஒன்றை எழுதி, ‘கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்ய நான் தயார்’ என்ற கடிதத்தோடு ஒப்புகையோடு பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் ஓனருக்கு அனுப்புங்கள். இதனால் வழக்கே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தத்துக்கு மறுத்தது யார் என்ற கேள்வி வரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒப்புகை ஒன்றுதான்.

மோட்டார் விஷயம் தனி. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதியை ஓனர் நிறுத்தக் கூடாது (பிரிவு 20). பூட்டின படம், தேதி, ரசீதுகளோடு வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும்வரை காத்திராமல் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அந்த அதிகாரிக்குக் கிடையாது, அது வாடகை நீதிமன்றத்தின் வேலை. அங்கே உத்தரவு வாங்காமல் ஓனர் சாமானை வெளியே வைக்கவும் முடியாது.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தோற்றவர்கள் ஏராளம். இரண்டு மாதம் பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், ஓனருக்கு நீங்களே இன்னொரு காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி. அவர் வாங்க மறுத்தால் தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டரிலோ வேறு வழியிலோ அனுப்புங்கள். அப்போதும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

வழக்கில் உங்களுக்கு எதிராக உத்தரவு வந்தால், 30 நாளுக்குள் சான்றிட்ட நகலோடு, வாடகை நீதிமன்றத்துக்கு மேலே உள்ள வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். நகலுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள். மேல்முறையீடு செய்ததாலேயே உத்தரவு நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு வேண்டும். அங்கேயும் தோற்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது, ஆனால் அங்கே சாட்சியத்தை முதலிலிருந்து அலச மாட்டார்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ‘வேறு ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற சொல்லும் கூடவே இருக்கிறது. ஆகவே 50,000 கொடுத்ததை வைத்துச் சண்டை போட வேண்டாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி போக மீதியை அவர் திருப்பித் தர வேண்டும். கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். பழைய 11 மாத அக்ரிமென்டில் தொகை எழுதியிருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.