மே 19 நள்ளிரவில் பிளிக்கிலிங் மாளிகைக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தின் நாரிச் நகரில் படிக்கிறாள். மே மாதம் அவளைப் பார்க்கப் போகிறோம். அருகிலுள்ள பிளிக்கிலிங் மாளிகைக்கு ஒவ்வொரு மே 19 இரவும் மன்னர் எட்டாம் ஹென்றியின் மனைவி ராணி ஆன் பொலினின் ஆவி, தலையை மடியில் வைத்தபடி குதிரை வண்டியில் வருமாம். அன்றே போய்ப் பார்க்கலாமா? எவ்வளவு உண்மை?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் பகலில். மாளிகை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் பூட்டிவிடுவார்கள். ராணியார் வருவதோ நள்ளிரவில்!

தேதியில் பிழையில்லை. 1536 மே 19 அன்று லண்டன் டவர் கோட்டையில் அவர் தலை வாளால் வெட்டப்பட்டது. உடல் அங்குள்ள தேவாலயத்திலேயே அடக்கமானது. பிளிக்கிலிங் அவருடைய தந்தை தாமஸ் பொலினின் சொத்து. ஆன் பிறந்தது அங்கேதான் என்பது பரவலான கருத்து. சிக்கல் வேறிடத்தில். இன்று நீங்கள் பார்க்கப்போகும் செங்கல் மாளிகை, ஹென்றி ஹோபர்ட் என்ற நீதிபதி 1616-இல் அந்த எஸ்டேட்டை வாங்கிய பிறகு எழுப்பியது. ஆன் இறந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய வீடு. ஆவிக்கு மண்தான் முக்கியம், கட்டடமல்ல என்று வாதிடலாம். ஆனால் கதை அவரை இந்தக் கட்டடத்தின் நடைகளில்தானே உலவவிடுகிறது?

அப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. மகளைக் காப்பாற்றாத பாவத்துக்காக, சேவல் கூவுவதற்குள் பன்னிரண்டு பாலங்களைக் கடக்க வேண்டுமாம். பெற்றவனை ஊர் மன்னிக்கவில்லை என்பதைத்தான் இதில் கேட்கிறேன். பேயைவிட எனக்கு இது சுவாரசியம்.

இத்தகைய கதை எதைக் கேட்டாலும், முதலில் எழுதியவர் யார், நடந்து எத்தனை காலம் கழித்து எழுதினார் என்று பாருங்கள். பிளிக்கிலிங் இருக்கும் அதே நார்ஃபோக் பகுதியிலுள்ள ரெயின்ஹாம் மாளிகையின் ‘பழுப்பு உடைப் பெண்’ என்ற ஆவி நல்ல உதாரணம். அவர் டோரதி வால்போல். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் வால்போலின் தங்கை. கணவர் டவுன்ஷெண்ட் பிரபு அறையில் பூட்டிவைத்தே கொன்றார் என்பது கதை. 1726-இல் பெரியம்மையில் இறந்தார் என்பது பதிவு. நாவலாசிரியர் கேப்டன் மேரியட் அந்த உருவத்தைத் துப்பாக்கியால் சுட்டாராம். அதை அச்சில் சொன்னவர் மகள் ஃபிளாரன்ஸ், 1891-இல். மேரியட் இறந்ததோ 1848-இல். 1936 டிசம்பரில் ‘கன்ட்ரி லைஃப்’ இதழ் வெளியிட்ட , அந்த உருவம் படிக்கட்டில் இறங்குவதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற புகைப்படத்தையும் இரட்டைப் பதிவு (ஒன்றின் மேல் ஒன்றாக இரு படங்கள் பதிவது), ஒளிக்கசிவு (கேமராவுக்குள் வெளிச்சம் புகுவது) என்று பலர் சந்தேகிக்கிறார்கள்.

ரெயின்ஹாமையும் பார்க்க நினைத்தால் முன்கூட்டியே விசாரியுங்கள். அது டவுன்ஷெண்ட் குடும்பத்தின் சொந்த வீடு, தினமும் திறப்பதில்லை. பிளிக்கிலிங்கில் பெரிய கூடத்தின் மாடிப்படியருகே ஆனின் மரச் சிற்பம் இருக்கிறது. அதில் தலை பத்திரமாக உள்ளது.