சர்க்கரை நோய்ப் பூனையும் நாள் முழுக்க நிறைந்திருக்கும் தட்டும்

கேள்வி: வீட்டில் மூன்று பூனைகள். பத்து வயது ஆண் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று சென்ற மாதம் தெரிந்தது. இரு வேளையும் இன்சுலின் போடுகிறோம். மற்றவற்றில் ஒன்று பெரியது, ஒன்று மூன்று மாதக் குட்டி. அவற்றுக்காகத் தட்டில் எப்போதும் உலர் உணவு இருக்கும். அதையும் இதுவே காலி செய்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள். உங்கள் பூனையைத் திட்டாதீர்கள். இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடலால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. அதனால்தான் ஓயாத பசி.

மூன்றுக்கும் 12 மணி நேர இடைவெளியில், தனித்தனி அறையில் உணவு வையுங்கள். 20 நிமிடம் கழித்து, மீந்ததை எடுத்துவிட்டுக் கதவைத் திறங்கள். மாவுச்சத்து குறைந்த ஈர உணவை ஆரோக்கியமான பெரிய பூனையும் சாப்பிடலாம். தயிர் சாதம், பால் சோறு யாருக்கும் வேண்டாம்.

குட்டிக்கு மட்டும் இரண்டு வேளை போதாது. வயிறு சிறியது, வளரும் வயது. நான்கு வேளையாவது கொடுங்கள். நடுவில் வரும் வேளைகளுக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, குட்டி மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். பெட்டி மேல் கனமான புத்தகம் வையுங்கள், இல்லையென்றால் பெரியது தள்ளிவிடும். தட்டு துளையிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கட்டும். பூனையின் கை நீளும். குட்டி வளர வளரத் துளையைப் பெரிதாக்க வேண்டிவரும். அதற்குள் ஆறு மாதம் ஆகிவிட்டால் இரண்டு, மூன்று வேளைக்குப் பழக்கிவிடலாம்.

இனி, கடைக்காரரின் பேச்சு. "தானியம் இல்லாதது, சர்க்கரைக்கு நல்லது" என்று விலை உயர்ந்த பையை நீட்டுவார். தானியம் இல்லாத இடத்தில் உருளைக்கிழங்கோ மரவள்ளியோ பட்டாணியோ இருக்கும். அதுவும் மாவுச்சத்துதான். பல பைகளில் அந்த அளவை அச்சிடுவதே இல்லை. நோயாளி வீட்டுக்கு அவசியமான ஒரே எண்ணை விட்டுவிட்டு, பளபளக்கும் பூனைப் படத்தை மட்டும் போடுகிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத கோபம். பையில் உள்ள சதவீதங்களை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்: புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாதுக்கள்) 8 என்றால் கூட்டுத்தொகை 66. நூறில் மீதி 34 மாவுச்சத்து. மூன்றில் ஒரு பங்கு! எடை போட்டு விற்கும் பெயரில்லாத உணவில் இந்தக் கணக்குக்கும் வழியில்லை. சர்க்கரையைக் குணமாக்கும் மூலிகைச் சொட்டு என்று எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆனால் உணவை மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். ஒரு வேளை சாப்பிட மறுத்தாலும் வழக்கமான அளவைப் போடாமல் அவரைக் கேளுங்கள். நடை தள்ளாடினால், துவண்டு விழுந்தால், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மருந்துக்கடையில் சிரிஞ்சையும் பார்த்து வாங்குங்கள். இன்சுலின் குப்பியில் 40 என்றிருந்தால் (ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் என்று பொருள்) 40 சிரிஞ்சு, 100 என்றிருந்தால் 100 சிரிஞ்சு. 100 மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டு யூனிட் என்று நினைத்து ஐந்து யூனிட் போட்டுவிடுவீர்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுக்கும் கடையில் நின்று பேசிப் பயனில்லை. வேறு கடைக்குப் போங்கள்.