இமயமலை இன்னும் வளர்கிறதா? வளர்கிறது என்றால், எது அதைத் தள்ளுகிறது?

வளர்கிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். தள்ளுவது நம் காலடியில் இருக்கும் இந்தியத் தட்டுதான், அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் மாபெரும் பாறைப் பலகை.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். தட்டுகள் எரிமலைக் குழம்பின் மேல் மிதப்பதில்லை. அடியில் இருப்பதும் திடப் பாறையே. கடும் வெப்பத்தில் அது மிக மெதுவாக நெகிழ்ந்து நகர்கிறது. கடலடித் தட்டு குளிர்ந்து கனமாகி உள்ளே அமிழும்போது, பின்னால் ஒட்டியிருக்கும் தட்டையும் இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் முதன்மை விசை இந்த இழுவைதான்.

அப்படித்தான் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே அன்று இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் புதைந்தது. பின்னாலேயே வந்த இந்தியா சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதியது. கண்டப் பாறை இலேசானது, எளிதில் அமிழாது. அதனால் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மலையானது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடிச் சுண்ணாம்புப் பாறை. பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரியின் புதைபடிவமே. எனக்கு இதைவிட அழகான சான்று கிடையாது.

இந்தியா இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது. அந்த அழுத்தம் சேர்ந்து திடீரென விடுபட்டதே 2015 நேபாள நிலநடுக்கம். காத்மாண்டுப் பகுதி சில நொடிகளில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது.