பழைய வளவுக்குள் பாலர் பள்ளி: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடிப் பக்கம் சின்னப் பிள்ளைகள் பள்ளி நடத்துகிறேன். செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும் உள்ள இடத்தில், வகுப்பறை அமைப்பதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஆச்சி, கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டில் பள்ளி தொடங்குகிறோம். வளவைப் பலகை வைத்து நாலு வகுப்பாகத் தடுக்கலாமா?

வேண்டாம். காலை பத்து மணிக்கு அந்த வளவில் சம்மணம் போட்டு உட்காருங்கள். நிற்கிற மூன்று வயதுப் பிள்ளையின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும். முற்றத்து வெயில் தூண் தூணாக நகர்வது தெரிகிறதல்லவா, தடுப்பு வைத்தால் அது போய்விடும். எங்கள் பள்ளியில் ஒரு பையன் தினமும் அந்த வெயில் கட்டத்துக்குள் புளியங்கொட்டையை வரிசையாக வைப்பான், வெயில் நகர நகர வரிசையையும் நகர்த்துவான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை!

பிள்ளையின் நெஞ்சளவுக்கு அலமாரி வைத்துப் பிரித்தால் போதும், நிற்கிற ஆசிரியைக்கு எல்லாரும் கண்ணில் படுவார்கள், உட்கார்ந்த பிள்ளைக்கு அது தனி மூலையாக இருக்கும். அலமாரியைச் சுவரோடு முடுக்கிவிடுங்கள், சாயக்கூடாது. கதைப் புத்தகம் பட்டாலை (உயர்த்திக் கட்டிய திண்ணை போன்ற கூடம்) மூலையில், தண்ணீர் விளையாட்டு முற்றத்து ஓரத்தில். கட்டை அடுக்குவது சத்தம், அதைக் கதை மூலைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

நாற்காலி என்ன உயரம்?

மூன்று, நாலு வயதுக்கு உட்காரும் பலகை பத்து அங்குலம், மேசை பதினெட்டு. ஐந்து வயதுக்குப் பன்னிரண்டும் இருபத்தொன்றும். பாதம் முழுக்கத் தரையில் படவேண்டும், அதுதான் கணக்கு. பிள்ளை அளவுக்குச் சாமான் செய்வது 1907இல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியிலேயே இருந்தது, அந்த அம்மா 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்புறம், பாதி நேரம் பாய்தான், எல்லாருக்கும் நாற்காலி வாங்க வேண்டியதில்லை.

தேவகோட்டையில் எங்கள் ஹாலில் இருபது பிள்ளைகள் பேசினாலே காது அடைக்கிறது.

உயரமான கூரை, வழுவழு சுவர், கல் தரை, எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஆசிரியை குரலை உயர்த்துவார், பிள்ளைகள் அதற்கு மேல் கத்துவார்கள். கோரைப்பாய், கனமான பருத்தித் திரை, துணி மெத்தை, சுவரில் பழைய ஜமுக்காளம், இவை சத்தத்தை உறிஞ்சும். பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் ஓலைக் கொட்டான் கூடையில் சாமான் போடுங்கள், கொட்டினாலும் எடுத்தாலும் சத்தமில்லை, கைக்கும் இதம்.

சுவர் முழுக்கக் கார்ட்டூன் வரையலாமா?

நானும் முதல் வருடம் வரைய வைத்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, சுண்ணாம்பு அடித்து மறைத்தோம். இப்போது அவர்கள் வரைந்ததை அவர்கள் கண் மட்டத்தில் ஒட்டுகிறோம், அதன் முன்னால்தான் கூடி நிற்கிறார்கள்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் (வண்ணப் பூ ஓடு) வழுக்குமா? எடுத்துவிட்டு வினைல் போடவா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்த கல் அது, சூளையில் சுடுவதில்லை, நடக்க நடக்க மெருகு ஏறும். ஈரம் இருந்தால்தான் வழுக்கும், தண்ணீர் விளையாடும் இடத்தில் மட்டும் ரப்பர் விரிப்பு போடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது, வண்ணம் அரித்துவிடும். சிவப்புப் பூவில் மட்டும் கால் வைத்து வளவைச் சுற்றி வருவது எங்கள் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த விளையாட்டு, எண்ணவும் அதில்தான் பழகினார்கள்.

மழை பெய்தால் முற்றத்தை மூடிவிடவா?

மூட வேண்டாம். இறங்கும் படியில் பிள்ளை உயரத்துக்குக் கைப்பிடி, தண்ணீர் போகும் துவாரத்துக்குக் கம்பி வலை, பக்கத்தில் ஒரு பெரியவர் எப்போதும். தாழ்வாரத்தில் உட்கார வைத்து மழையைப் பார்க்க விடுங்கள்.