இரண்டு கார்புரேட்டருக்கு எந்த லிங்கேஜ்? – கேள்வி பதில்

பழைய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த கார்) இன்ஜின்களில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர்கள் இரண்டை, லிங்கேஜ் என்ற கம்பி-லிவர் இணைப்பால் ஒரே ஆக்சிலரேட்டர் பெடலோடு இணைப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

கேள்வி: 1948 ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 இன்ஜினில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்களைப் பொருத்துகிறேன். இரண்டும் ஒன்றாகத் திறக்கும் நேரடி லிங்கேஜ் நல்லதா, ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ப்ரோக்ரஸிவ் லிங்கேஜ் நல்லதா?

பதில்: நேரடி லிங்கேஜ்தான். ஒரு கார்புரேட்டர் மட்டும் திறந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற எண்ணத்தில்தான் பலர் ப்ரோக்ரஸிவ் பக்கம் போகிறார்கள். ஆனால் இரண்டு கார்புரேட்டர் மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய் அமைப்பு) ஒவ்வொன்றும் தனக்கு அருகிலுள்ள சிலிண்டர்களுக்குத்தான் ஒழுங்காகக் கலவையை அனுப்பும் என்பதால், ஒன்று மூடியிருக்கும்போது தொலைவிலுள்ள சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் குறைந்து போகிறது. மேலும் 97 என்ற எண்ணே வெஞ்சுரியின் (கார்புரேட்டருக்குள் காற்று செல்லும் குறுகலான பகுதி) விட்டம் 0.97 அங்குலம், அதாவது ஏறத்தாழ 24.6 மில்லிமீட்டர், என்பதைத்தான் குறிக்கிறது. 239 கன அங்குல இன்ஜினுக்கு இந்த அளவில் இரண்டு கார்புரேட்டர்கள் மிகையாகிவிடாது.

கேள்வி: அப்படியானால் ப்ரோக்ரஸிவ் யாருக்குத்தான் பயன்படும்?

பதில்: முன்னும் பின்னுமாக இரண்டு நான்கு பேரல் (நான்கு காற்றுவழி கொண்ட) கார்புரேட்டர்களை வைத்துச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு. 1957இல் செவ்ரோலெட் 283 கன அங்குல இன்ஜினில் இரண்டு நான்கு பேரல்களை வைத்து 270 குதிரைத்திறன் கொடுத்ததே, அந்த மாதிரியான அமைப்புகளைச் சொல்கிறேன். மிதமான வேகத்தில் எட்டு பேரல்களும் சேர்ந்து திறந்தால் ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகக் கலக்காமல் வண்டி தயங்கும். எனவே ஒன்றை முதன்மையாக வைத்து, அது ஏறக்குறைய பாதி திறந்த பிறகு மற்றதைத் திறக்க வைக்கிறோம். இணைப்பு ராடு இரண்டாவது கார்புரேட்டரின் லிவரில் நீள்துளை வழியாகச் சிறிது தூரம் வெறுமனே நகர்ந்து, பிறகுதான் அதைப் பிடித்து இழுக்கும். அங்கே ராடு இணையும் இடம் அச்சுக்கு நெருக்கமாக இருப்பதால், தாமதமாகத் தொடங்கிய லிவர் வேகமாகச் சுழன்று முதலாவதோடு ஒரே நேரத்தில் முழுமையாகத் திறந்துவிடும். இரண்டாவதன் த்ராட்டில் தட்டுகள் (காற்றுவழியைத் திறந்து மூடுபவை) மூடிய நிலையில் இறுக்கமாக அமர்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; அங்கே கசிவு இருந்தால் ஐட்லிங் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஒருபோதும் நிலைக்காது.

கேள்வி: நேரடி லிங்கேஜ் போட்டிருக்கிறேன். பெடலை விட்டால் ஐட்லிங் ஒரு முறை நிமிடத்துக்கு 700 சுற்றில் நிற்கிறது, மறுமுறை 1000இல் நிற்கிறது. கார்புரேட்டர் பழுதா?

பதில்: கார்புரேட்டரைக் குறை சொல்வதற்கு முன் லிங்கேஜைப் பாருங்கள். துளையும் கம்பியும் தேய்ந்து அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்திருந்தால், 25 மில்லிமீட்டர் நீள லிவரில் அது ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமான திருப்பம் ஆகிறது. ஐட்லிங்கில் தட்டே சில டிகிரிதான் திறந்திருக்கும் என்பதால், அந்த ஒரு டிகிரி பெரிய விஷயம். வளைத்த கம்பியைக் கழற்றிவிட்டு, இரு முனையிலும் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு) உள்ள ராடைப் போடுங்கள். ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை என்று இருந்தால், கழற்றாமலேயே ராடைத் திருகி நீளத்தை மாற்றலாம்.

கேள்வி: இரண்டையும் சமன் செய்யும் முறை என்ன?

பதில்: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே தொடங்குங்கள், ஏனெனில் அலுமினிய மேனிஃபோல்டு சூட்டில் விரியும்போது கார்புரேட்டர்களுக்கு இடையிலான தூரமும் சிறிது கூடும். இணைப்பு ராடைக் கழற்றிவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு பேரலின் வாயிலும் வைத்து, உறிஞ்சும் சீறல் இரண்டு கார்புரேட்டர்களிலும் ஒரே அளவில் கேட்கும்வரை ஐட்லிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள். காற்றோட்டமானி இருந்தால் இன்னும் நல்லது; ஆனால் காது நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. அதன் பிறகு கலவைத் திருகுகளைச் சரிசெய்து, மீண்டும் ஒரு முறை காற்றைச் சமன் செய்யுங்கள். கடைசியில் ராடு இழுக்காமல், தள்ளாமல் தானாகப் பந்தின் மேல் போய் அமரும் நீளத்துக்கு அதைத் திருகுங்கள். பூட்டும்போது இன்ஜின் சத்தம் சிறிது மாறினாலும் நீளம் தவறு என்று பொருள்.

கேள்வி: பெடலிலிருந்து ராடா, கேபிளா?

பதில்: இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் இருந்தால் கேபிள். முறுக்குவிசையில் இன்ஜின் ஒரு பக்கம் சாயும்போது, காரின் உடலில் பொருத்திய நேர் ராடு தானே த்ராட்டிலை இழுத்துவிடக்கூடும்.

கேள்வி: ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்று போதுமா?

பதில்: போதாது. ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் ஒன்று வேண்டும். இரண்டும் ஒரே லிவரில் இருக்கக் கூடாது, ஏனெனில் இடையிலுள்ள ராடு கழன்றுவிட்டால் மற்றது திறந்தபடியே நின்றுவிடும். பெடலின் கீழே ஒரு தடுப்பும் தேவை. அது இல்லாவிட்டால் காலின் முழு அழுத்தமும் த்ராட்டில் அச்சின் மேல் விழும், லிவர் மையத்தைத் தாண்டிச் சிக்கிக்கொள்ளவும் கூடும். நான் கட்டிய ஓர் இன்ஜினில் பெடல் தரையைத் தொட்டபோதும், முன்பக்கக் கார்புரேட்டர் முக்கால் பங்குதான் திறந்தது. இரண்டு லிவர்களின் நீளமும் சில மில்லிமீட்டர் வேறுபட்டிருந்தன, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இன்ஜினை நிறுத்தி, காற்று வடிகட்டிகளைக் கழற்றி, ஒருவரைப் பெடலை முழுமையாக மிதிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்: எல்லாத் தட்டுகளும் செங்குத்தாக நிற்க வேண்டும்.